பேப்பர் வரும்வரை ஓர் ஆணியும் அடிக்காதே

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வருமான வரி வேலை பார்க்கிறவனுக்கு அது ஆகாது என்று என் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஆனால் வருடம் முழுக்கத் தலையைக் காட்டாமல் இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளை என் மேசையில் கொட்டி, "அண்ணே, நீங்களே பார்த்துச் செஞ்சிருங்க லா" என்று சொல்லிவிட்டுக் கீழே தேநீர் குடிக்கப் போகிறவர்களிடம் கோபப்படாமல் இருக்க நான் என்ன சாமியாரா? பினாங்கில், சூலியா தெருவை ஒட்டிய சந்தில், பணமாற்றுக் கடை ஒன்றின் மேல்மாடியில் என் அலுவலகம். நான் போடுகிற சத்தத்தில் கீழே வரிசையில் நிற்கிற வெள்ளைக்காரர்கள் பயந்து ஓடுகிறார்கள் என்று அந்தக் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தச் சத்தத்தில் அடிக்கடி வருகிற வாசகம் ஒன்று உண்டு. "பேப்பர் வர்ற வரைக்கும் ஒரு ஆணி அடிக்கக்கூடாது." சலுகை எதுவானாலும் முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதிக் கடிதம், அதற்கும் பிறகுதான் செலவு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற குளிர்ப்பெட்டிகள் வாங்கினால் வரியில் கழிவு கிடைக்கும் என்று ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளியிடம் நானே வாயைத் திறந்து சொன்னேன். மனிதர் சந்தோஷத்தில் அந்த வாரமே வாங்கிப் போட்டுவிட்டு, ரசீதை ஆட்டிக்கொண்டே மாடியேறி வந்தார். விண்ணப்பத்துக்கு முந்திய தேதி. ஒன்றும் செய்ய முடியவில்லை. "சொன்னப்பவே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்று கேட்டார். கேட்டது நியாயம். ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார். அன்றிலிருந்து ரசீதில் இருக்கும் தேதி என்றாலே எனக்குப் பயம்.

அந்தப் பயத்தைக் கொண்டுபோய் என் அக்கா குடும்பத்தின் தலையில்தான் இறக்கி வைத்தேன்.

அக்காவுக்கும் அவள் கணவருக்கும் ஆயர் ஈத்தாம் சந்தையான பாசாருக்குப் பின்தெருவில் துணி வெளுக்கிற டோபிக் கடை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வேனில் வந்து இறங்கும், மறுநாள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். முன்னால் கவுண்டர், நடுவில் சலவை மிஷின்கள், பின்னால் தகரக் கூரை போட்டு நீட்டிய கூடம். அந்தக் கூடத்தில் நான்கு பழைய டிரையர்களும் விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய மிஷினும் இருந்தன. கொதிக்கிற உருளைக்கு அடியில் விரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும், மறுபக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். அந்த வேலை மாமாவுடையது. மேலே தகரம், முன்னால் உருளை, முதுகுக்குப் பின்னால் டிரையர். "மாப்ள, இங்க வந்து அஞ்சு நிமிஷம் நின்னு பாரு. பணக்காரங்க இந்த மாதிரி வேர்க்கிறதுக்குக் காசு கொடுத்து உட்காருறாங்களாம்" என்பார். சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும், மனிதர் சிரிப்பை மட்டும் விடமாட்டார்.

அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் கணக்காளர் பரீட்சைகளுக்கு ஒவ்வொரு தடவையும் பணம் கட்டியது அந்தக் கடைதான். நான் தேறிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அரசாங்க முத்திரை குத்திய எந்தக் கடிதம் வந்தாலும் பிரித்துக்கூடப் பார்க்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். தம்பி சொன்னால் முடிந்தது. ஏன் என்று கேட்கிற பேச்சே கிடையாது. எனக்கும் அது பிடித்திருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது.

பசுமைத் தொழில்நுட்பத்துக்கு வரிச்சலுகை என்று பேச்சு வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நான்கு டிரையர்கள்தான். கரண்ட் பில்லைத் தின்று தீர்க்கிற பூதங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிற புது டிரையர்கள் உள்ளேயே சூட்டைத் திருப்பிப் பயன்படுத்தும், வெளியே விடாது. வாங்கினால் மின்சாரமும் மிச்சம், விலையில் ஒரு பங்கு வரியிலும் கழியும். கடையை ஏற்கெனவே கம்பெனியாகப் பதிந்து கொடுத்திருந்தேன், அதனால் தகுதி இருந்தது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் அக்காவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "சூடு குறையுமா தம்பி?"

குறையும் என்றேன். எப்போது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தைப்பூசம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். காடியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். தகரக் கூரை மேல் ஓர் ஏணி. ஏணியின் உச்சியில் பாசார் பக்கத்திலிருந்து வந்த சீனர் ஒருவர், கையில் தகரம் வெட்டுகிற கத்திரியோடு. தரையில் இரண்டு பளபளக்கும் தகர உருண்டைகள். தொழிற்சாலைக் கூரைகளில் காற்றுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, உள்ளே இருக்கிற சூட்டை மேலே இழுத்து வெளியே தள்ளுமே, அதுதான். பக்கத்தில் ஒரு தட்டில் தேங்காய், வெற்றிலை, சூடம். வேலை தொடங்குவதற்கு முன் தம்பி கையால் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அக்கா காத்திருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம்!

"தூருன் பாஸ், தூருன்!" என்று அந்த ஆளை இறங்கச் சொல்லிக் கத்தினேன். அவர் குழம்பிப்போய் இரண்டு படி இறங்கி நின்றார். பாஸ், இது வெறும் காற்றில் சுற்றுகிறது, கரண்டே கிடையாது, அரை நாள் வேலைதான் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூரைக்காரனுக்கு வரியைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு.

"ஏன்க்கா, நான் போன வாரம் மணிக்கணக்காத் தொண்டை கிழியக் கத்தினது எதுக்கு? பேப்பர் வராம ஒண்ணும் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? இந்த ஒரு ரசீது போதும், மொத்த ஃபைலும் நாறிப்போயிடும்!"

"மிஷின்தானே வாங்கக்கூடாதுன்னு நினைச்சேன். இது ஃபேன்தான லா தம்பி."

"எல்லாம் ஒண்ணுதான். கரண்ட் செலவை வந்து அளக்கிறவங்க, கடை முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே பார்க்கணும்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. மாமா நடுவில் புகுந்து, "விடு, மாப்ள படிச்சவன். நமக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்" என்று சொல்லி, அந்தச் சீனருக்கு வந்து போனதற்கான கூலியைக் கொடுத்து அனுப்பி வைத்தார். உருண்டைகள் இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டுபோய் சோப்புத் தூள் டின்களுக்குப் பின்னால் வைத்தார். அந்தத் தேங்காயைத் துருவி அக்கா குழம்பில் போட்டாள். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது யோசித்தால், நான் சொன்னதற்கு எனக்கே ஆதாரம் கிடையாது. பட்டியலை நான் அப்போது முழுதாகப் படித்திருக்கவில்லை. டிரையர் இருக்கிற பக்கத்தைப் பார்த்தேன், தேதி விதியைப் பார்த்தேன், மிச்சத்தை என் பயம் நிரப்பிக்கொண்டது. ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் போதும். படிக்காமலே ஓர் ஆளை ஏணியிலிருந்து இறக்கினேன்.

அந்த வருடம் மழை ஒதுங்கியே இருந்தது. பினாங்குக் கொடிமலைப் பக்கம் பார்த்தால் மலையே தெரியாது, வெள்ளையாக ஒரு புகை மட்டும். அக்கா இன்னொரு தடவை போனில் கேட்டாள். நேராகக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, சுற்றி வளைத்துத்தான் வருவாள். மாமாவுக்குப் பசிக்கவே இல்லையாம், தண்ணீராகக் குடிக்கிறாராம், மத்தியானம் ஆனால் கண்ணை இருட்டுகிறதாம். அதற்குப் பிறகு, "ஒரு ஃபேன் மட்டும் மாட்டிக்கட்டுமா தம்பி? ரசீதே வேணாம் லா. யாருக்கும் தெரியாது" என்றாள்.

"ரசீது இல்லாம வேற செய்யப் போறியா? நல்லா இருக்கு! வரிக்காரன் அக்காவே இப்படிப் பேசினா ஊர்ல மத்தவங்களை நான் எப்படித் திட்டுறது?" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அடுத்தவர் ஃபைலை எடுத்தேன். அக்காவின் ஃபைல் மேசை ஓரத்தில் கிடந்தது. டிரையர் விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது, அதைக் கேட்டு ஒரு போன் போட எனக்கு நேரமில்லை. வரித் தாக்கல் நெருங்குகிற மாதங்களில் எனக்குச் சோறு தின்னவே நேரமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அக்கா கூப்பிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விரிப்பை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது மாமாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. விழாமல் இருக்கக் கையை ஊன்றியிருக்கிறார். ஊன்றியது உருளையின் மேல். பிடித்து இழுத்தவள் அக்காதான். வலது உள்ளங்கை முழுதும் வெந்துபோய்விட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அக்கா தாழ்வாரத்தில், கடையில் போட்டிருந்த அதே ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது இதுதான்.

"தம்பி, ஆஸ்பத்திரியில கடை பேர் எழுதிட்டாங்க. இதனால அந்த ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். அன்று, ஒன்றும் ஆகாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டியது பிடித்தது, ஆனால் ஆறும்போது இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் உள்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டன. பயிற்சிக்குப் போனார், ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து அமுக்கினார், விரல்கள் கேட்கவில்லை. விரிப்பு இழுக்கிற வேலைக்கு ஒரு வங்காளதேசி ஆளை அக்கா வைத்தாள். மாமா கவுண்டரில் உட்கார்ந்து இடது கையால் சீட்டு எழுதப் பழகினார்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளில், விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதியை நிரப்ப நான் அமர்த்தியிருந்த ஆலோசகர் கடையைப் பார்க்கப் போனார். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இதே வேலையைச் செய்கிற சீனப் பெண்மணி. மிஷின்களை எழுதிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, மத்தியானம் எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

"அந்தக் கூடத்தில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? கூரையில் ஒரு காற்றுப்போக்கி கூட இல்லையே."

பேப்பர் வருவதற்காகக் காத்திருக்கிறோம், விண்ணப்பத்துக்கு முந்திய செலவு கூடாது இல்லையா என்றேன்.

அவர், பாடம் நடத்துகிற தொனியில் இல்லாமல், சாதாரணமாகவே சொன்னார். விண்ணப்பம் டிரையர்களுக்கு மட்டும்தான். காற்றில் சுற்றுகிற அந்த உருண்டை பட்டியலிலேயே இல்லை, அதனால் அதற்குச் சலுகையும் கிடையாது, தடையும் கிடையாது. அது மின்சாரமும் தின்பதில்லை, அளக்கிற கணக்கிலும் வராது. எந்தத் தேதியில் வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம். "யாராவது உங்களிடம் தப்பாகச் சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டார்.

ஆமாம், யாரோ சொல்லிவிட்டார்கள் என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எங்காவது ஒரு மூலையில், ஓர் அடிக்குறிப்பில், நான் சொன்னதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அன்று வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். என் உதவியாளர் என்ன உடம்புக்கு என்று கேட்டதற்கு அவளையும் திட்டினேன்.

மறுநாள் நானே போய் அந்தக் கூரைக்காரரைத் தேடிக் கூட்டி வந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சோப்பு டின்களுக்குப் பின்னாலிருந்து உருண்டைகளை எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டையும் மாட்டிவிட்டு இறங்கினார். அவர் ஏற்கெனவே சொன்ன அதே அரை நாள். கூடத்துக்குள் போய் நின்றால் வித்தியாசம் உடனே தெரிந்தது. குளிர்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சு விட முடிந்தது. அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "எவ்ளோ காத்து பாரு! பேப்பர் வந்திருச்சா தம்பி?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கவுண்டரில் மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுக்கு மட்டும் வாயால அனுமதி கொடுத்துட்டாங்கக்கா" என்றேன். நன்றாக இருக்கட்டும் அவர்கள், என்றாள் அக்கா, யாரென்றே தெரியாத அதிகாரிகளை நினைத்து.

விண்ணப்பம் போனது, அனுமதி வந்தது. கடிதத்தை அக்கா சாமி படத்துக்குக் கீழே ஒரு வாரம் வைத்திருந்தாள். புது டிரையர்கள் வந்தன, கரண்ட் பில் இறங்கியது, வருடக் கடைசியில் கணக்குப் போட்டபோது வரியும் நல்லபடியாகக் குறைந்தது. தொழிலில் நான் செய்த சுத்தமான வேலைகளில் அதுவும் ஒன்று, ஒரு காகிதத்தில்கூடக் குறை சொல்ல முடியாது. அக்கா பாசாரில் காய்கறி விற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி, நான்கு பேரை என் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தாள். அவர்கள் வந்து உட்கார்ந்து, "உங்க அக்கா சொன்னாங்க, நீங்க சொன்னபடி கேட்டா நல்லது நடக்கும்னு" என்பார்கள். என் பழைய வாசகத்தை அவர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முதலில் பட்டியலைப் படிக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புகிறேன். கோபம் மட்டும் இன்னும் வருகிறது, அது யார் மேல் என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிப் படிவத்தில் அக்காவின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா தேநீர் போட உள்ளே போனதும் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, உன்னை ஒண்ணு கேக்கணும். அவ இருக்கும்போது கேட்டா அழுவா."

"கேளுங்க மாமா."

"அன்னிக்கு அந்த ஆளை ஏணியிலேர்ந்து இறக்கினியே. அப்பவே போட்டிருந்தா இந்தச் சலுகை மொத்தமும் கைவிட்டுப் போயிருக்கும், இல்லையா?"

இந்தக் கேள்விக்குப் பதிலை நான் எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். காடியில், குளியலறையில், படிக்கட்டில். நான் படிக்காமல் சொன்னேன் மாமா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை மாமா. அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"ஆமா மாமா. மொத்தமும் போயிருக்கும்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். மடங்கிய விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டார். "அதான். இந்தக் கை சும்மா போகலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா தேநீரோடு வந்தாள். மாமா எழுந்து போய் அவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"உன் தம்பிகிட்ட கேட்டுட்டேன்" என்றார் அவர். "அன்னிக்கு அவன் சொன்னது சரிதானாம்."

"இதைப் போய் எதுக்குக் கேட்டுக்கிட்டு?" என்றாள் அக்கா, கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "காரணமில்லாம என் தம்பி எதையாவது வேணாம்னு சொல்வானா?"